அருப்புக்கோட்டையில் ஒரு நிணநீர்க் குழாயைத் தேடி

சிங்கப்பூரில் என் கைக்குப் பெயர் உண்டு. இதை நானே சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. இருபத்தாறு வருடமாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கிறேன். மற்றவர்கள் தேடிப் பார்த்துக் கைவிட்டதையெல்லாம் என் அறைக்கு அனுப்புவார்கள். அப்படிப்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்வதற்காக நான் அருப்புக்கோட்டைக்குப் போனேன் என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

போக வைத்தவர் டாக்டர் சையது. அருப்புக்கோட்டையில் முப்பது வருடமாக ஸ்கேன் சென்டர் வைத்திருக்கிறார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். போன வருடம் சிங்கப்பூரில் ஒரு கருத்தரங்கில் நான் செய்துகாட்டியதை முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். நிணநீர்க் குழாய்களை ஸ்கேனில் பார்ப்பது எப்படி என்று அன்றைக்குக் காட்டினேன். ரத்தத்துக்கு இருப்பது போல நிணநீருக்கும் உடம்பில் தனிக் குழாய்கள் உண்டு. மெல்லிய நூல் அளவுதான் இருக்கும், உள்ளே ஓடுவதும் நிறமில்லாத நீர், அதனால் சாதாரண ஸ்கேனில் கண்ணில் படாது. விரலிடுக்கில் தோலுக்குள் நுண்குமிழி மருந்தைத் துளியூண்டு ஏற்றினால் குமிழிகள் அந்தக் குழாய்க்குள் புகுந்து மேலே ஏறும். குமிழி திரையில் பொன் நிறத்தில் பளிச்சென்று தெரியும். அதை வைத்துக் குழாயைப் பிடித்துவிடலாம்.

எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். இவர் மட்டும் என்னிடம் வந்து, "அழுத்தாம எப்படி மேடம் பாக்குறீங்க?" என்று கேட்டார். சரியான கேள்வி. பிறகு சொன்னார்: "எங்க ஊர்ல ஒரு அம்மா இருக்காக. ஷேர் ஆட்டோ ஓட்டுனவுக. மார்புல கட்டிக்கு ஆபரேஷன் பண்ணி அக்குள்ல நிணநீர்ச் சுரப்பிய எடுத்ததுக்கப்புறம் வலது கை வீங்கிப்போச்சு. ஒரு நல்ல குழாய் இருக்குன்னு காட்டிட்டா மதுரையில அதப் பக்கத்து ரத்தக் குழாயோட சேத்துத் தச்சுருவாக. தேங்குன தண்ணி வடிஞ்சிரும். ஆனா சாயம் போட்டுப் பாத்தப்ப ஒண்ணுமே தெரியலைன்னுட்டாக."

"நான் வந்து பார்க்கிறேன்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் சட்டம் தெரிந்தது. இந்தியாவில் பதிவு பெற்ற டாக்டர் தவிர வேறு யாரும் ஸ்கேன் கருவியைத் தொடக் கூடாது. நான் டாக்டர் கிடையாது, வெளிநாட்டுக்காரி வேறு. "நீங்க வாயால சொல்லுங்க, நான் கையால செய்யிறேன்" என்றார் டாக்டர். மருந்துக்கும் சோதனைக்கும் அனுமதிக் காகிதம் வாங்க அவருக்கு ஆறு மாதம் ஆனது. எனக்குக் கிடைத்த விடுமுறை ஒரு வாரம்.

முதல் நாள் வெயில் என்னை மதிய உணவுக் கடைக்குள் தள்ளியது. எண்ணெய் பரோட்டா தின்றேன். எங்கள் ஊர் ரொட்டி பரோட்டாவைக் கல்லில் சுட்டு, பருப்புக் கறியில் தொட்டுத் தின்போம். சிலர் சீனி தொட்டுக்கொள்வார்கள். இங்கே எண்ணெயில் முழுசாக மூழ்க வைத்துப் பொரிக்கிறார்கள். அப்பளம் போல நொறுங்குகிறது. சால்னாவை ஊற்றி ஊறவிட்டால் அது வேறு பண்டமாகிவிடுகிறது. மூன்று உள்ளே போயின.

கல்லாவில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரும்மா?"

"சிங்கப்பூர்."

"அங்க தமிழ் பேசுவாகளா?"

"இப்ப நான் பேசுறது என்ன?"

"அது செரி. டிவியில செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கேன்னு கேட்டேன்."

பக்கத்து மேசைக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு முகம் கடுகடுத்தது, ஆனால் அவர் நாலாவது பரோட்டாவைக் கேட்காமலே வைத்ததால் மன்னித்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை டாக்டருக்குப் பாடம் எடுத்தேன். அவருடைய கை கெட்டிக்காரக் கை, அதில் சந்தேகமில்லை. ஆனால் முப்பது வருடம் வயிற்றை அழுத்திப் பழகிய கை. "இந்த ஊர்த் தண்ணிக்கு எங்கிட்ட வர்றவுக பாதிப் பேரு சிறுநீரகக் கல்லுக்காரவுகதான் மேடம். அழுத்துனாத்தான் கல்லு தெரியும்" என்றார். நிணநீர்க் குழாய் அப்படி இல்லை. கருவியின் பாரம் மேலே விழுந்தாலே ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும். நான் என் முன்கையை நீட்டி, தோலுக்கு அடியில் ஓடும் சின்ன ரத்தக் குழாயைப் பார்க்கச் சொன்னேன். கருவியை வைத்தார், குழாய் காணாமல் போனது. மறுபடி வைத்தார், மறுபடி போனது.

"டாக்டர், இது என் கை. சப்பாத்தி மாவு இல்லை."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தோலுக்கும் கருவிக்கும் நடுவில் ஜெல்லை அப்பிக்கொண்டு, சுண்டுவிரலை என் கையில் ஊன்றி, மறுபடி மறுபடி செய்தார். மதியத்துக்குள் குழாய் மறையாமல் நின்றது. நான் பாராட்டவில்லை. பாராட்டினால் விரல் தளர்ந்துவிடும் என்று நானே ஒரு கொள்கை வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் பாளையம்பட்டிக்குப் போனோம், அந்த ஆட்டோக்காரப் பெண்ணைப் பார்க்க. பெயர் பாண்டிச்செல்வி. வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திய ஷேர் ஆட்டோ நின்றது. பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வெளியே வந்த கணவர் டாக்டரைப் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டார்.

"அவ இல்லீங்க டாக்டர். காலையிலயே பரளச்சிக்கு, அவுக அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நாளைக்கழிச்சு ஸ்கேனு இருக்குன்னு சொல்லிப் பாத்தேன். கேக்கல."

எனக்கு வந்த கோபத்தை அங்கே காட்ட முடியவில்லை. கடல் தாண்டி வந்திருக்கிறேன். அவள் பஸ் ஏறி ஓடிவிட்டாள்.

மூன்றாம் நாள் நானே பரளச்சிக்குப் பஸ் ஏறினேன். டாக்டருக்குக் கல்லுக்காரர்கள் வரிசையில் நின்றார்கள், அவரால் வர முடியவில்லை. திருச்சுழிப் பக்கத்து நிலம் நான் அதுவரை பார்க்காத நிலம். கண்ணுக்கு எட்டிய தூரம் கரிசல் மண்ணும் சீமைக் கருவேலமும். எங்கள் ஊரில் ஒரு சாண் மண்ணைச் சும்மா விட்டால் அடுத்த வாரம் அதில் புல் முளைத்திருக்கும், அதற்கு மறுவாரம் யாராவது அடுக்குமாடி கட்டியிருப்பார்கள். இங்கே உழுது போட்ட மண் மழைக்காக வாய் திறந்து கிடந்தது.

பாதி வழியில் பஸ் நின்றது. பெல்ட் அறுந்துவிட்டது. சிங்கப்பூரில் ரயில் ஐந்து நிமிடம் தாமதமானால் நாலு மொழியில் மன்னிப்புக் கேட்பார்கள், அப்படியும் பயணிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இங்கே யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. எல்லோரும் இறங்கி நிழல் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பெண் கூடையிலிருந்து வெள்ளரிப் பிஞ்சு எடுத்து எனக்கும் ஒன்று தந்தாள். அதைத் தின்று முடிப்பதற்குள் என் வயது, பிள்ளைகள், சம்பளம், கணவருடைய சர்க்கரை அளவு வரை விசாரித்துவிட்டாள். வேறு பஸ் வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

பரளச்சியில் பாண்டிச்செல்வி அம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து, இடது கையால் மல்லி விதையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது கை மடியில் கிடந்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே பருமன். புறங்கையில் எலும்பே தெரியவில்லை. நான் யாரென்று சொன்னேன்.

"தெரியும்க்கா. டாக்டரு சொன்னாக. உங்களுக்கு வீண் அலைச்சல்."

"ஊசிக்குப் பயமா?"

"ஊசியா?" என்று சிரித்தாள். "நான் போடாத ஊசியா? ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மதுரையில படுக்கப் போட்டு, சாயத்த ஏத்தி, கேமராவுல பாத்தாக. பாத்துட்டு, ஒண்ணும் இல்லம்மான்னாக. அன்னைக்கு ராத்திரி பூரா அழுதேன். இன்னொரு தடவ படுத்து இன்னொரு தடவ இல்லைன்னு கேக்கணுமா? இப்ப இருக்கதே இருந்துட்டுப் போகுது."

"குழாய் இருக்கும்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் உள்ளதைச் சொன்னேன்.

"சாயம் தோலுக்கு அடியிலேயே பரவி மூடிக்கும். மேலே இருக்கிறதைத்தான் அந்தக் கேமரா பார்க்கும். ஆழத்துல குழாய் இருந்தா அதுக்குத் தெரியாது. நம்ம ஸ்கேன்ல ஆழத்தையும் பார்க்கலாம். உனக்கு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. இருந்தா விடமாட்டேன்."

அவள் மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினாள். நான் கிளம்பினேன். திரும்பும் பஸ்ஸுக்கு நேரமிருந்தது. அருப்புக்கோட்டைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லோடு ஆட்டோ புறப்பட்டது. அதில் வருகிறீர்களா என்று கேட்டார்கள். நான் ஏறி மூட்டை மேல் உட்கார்ந்த பிறகு பாண்டிச்செல்வி ஒரு பையோடு வந்து எனக்கு எதிரே ஏறிக்கொண்டாள். "வீட்டுக்குத்தான் போறேன். ஸ்கேனுக்கு வாரேன்னு சொல்லல" என்றாள்.

ஓட்டியவர் வண்டியை ஒரே கியரில் உருட்டிக்கொண்டு போனார். பள்ளத்தில் சடாரென்று இறக்கினார். என் இடுப்பு எலும்பு மூட்டைக்குள் போய்விட்டு வந்தது. பாண்டிச்செல்வி கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு முன்பக்கம் எட்டி, "யோவ், அடுத்த கியருக்குப் போய்யா, இஞ்சின் கெடந்து கத்துது, காதுல விழுகல?" என்றாள். அடுத்த பள்ளத்துக்கு, "பிரேக்க மிதிக்காத, ஆக்ஸிலேட்டரு முறுக்க விடு, தன்னால எறங்கும்." மல்லாங்கிணறு ரோட்டில் ஒரு மினி பஸ்ஸை முந்திய கதை, பிரசவ வலியோடு ஏறிய பெண்ணை ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோய் இறக்கிய கதை எல்லாம் சொன்னாள். ஏழு வருடம் ஓட்டியிருக்கிறாள். ஒரு கீறல் கிடையாதாம். தன் தொழிலைப் பற்றி இப்படிப் பெருமையடிக்கும் ஒரு பெண்ணை நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்ததில்லை. எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

டவுனுக்குள் நுழையும்போது, "நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டாள்.

நாலாம் நாள் காலை பத்து மணி. டாக்டரின் ஸ்கேன் அறை, கதவு சாத்தியாகிவிட்டது. பாண்டிச்செல்வி படுத்தாள். டாக்டர் நாலு விரலிடுக்கிலும் நுண்குமிழி மருந்தை ஏற்றினார். கொசுக்கடி போல நாலு சின்னத் தடிப்பு எழும்பியது. நான் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"மணிக்கட்டுல வைங்க. அழுத்தாம. இன்னும் லேசா. அப்படியே மேலே."

திரை இருட்டாக இருந்தது. ஊசி போட்ட இடத்தை நீவிவிடச் சொன்னேன். மறுபடி பார்த்தார். இருட்டு. முன்கையின் உள்பக்கம், வெளிப்பக்கம் எல்லாம் பார்த்தாயிற்று. கால் மணி நேரம் ஆனது. என் விரல்கள் ஒன்றையொன்று கிள்ளிக்கொண்டிருந்தன. கோணம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. நானாக இருந்தால் இந்நேரம் பிடித்திருப்பேன் என்றும் தோன்றியது.

"கொடுங்க டாக்டர்" என்றேன். "கதவு சாத்தித்தானே இருக்கு. ரெண்டே நிமிஷம்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெளிய போர்டுல எம்பேரு இருக்கு மேடம். உங்க பேரு இல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. வெட்கத்தில் முகத்தைத் திருப்பியபோது பாண்டிச்செல்வியைப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. பல்லைக் கடித்திருந்தாள். இரண்டு கைகளும் இறுகிக் கிடந்தன, கால் மேல் கால் பின்னியிருந்தது.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"பின்ன ஏன் இப்படி விறைச்சுக் கிடக்குற?"

டாக்டர் பக்கம் பார்த்துவிட்டு, என்னைக் குனியச் சொல்லிக் காதில் சொன்னாள். "ஒண்ணுக்கு வருது. ஆறு மணிக்கே ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சிட்டேன்."

"கையில எடுக்கிற ஸ்கேனுக்கு எதுக்கும்மா தண்ணி?"

"ஸ்கேனுன்னா தண்ணி குடிச்சு அடக்கிட்டுத்தானே வரணும்? வெளிய பெருசா எழுதிப் போட்டுருக்கே!"

அது டாக்டர் காதில் விழுந்துவிட்டது. "எழுதுனது நாந்தான். முப்பது வருசமாத் தொங்குது" என்று சொல்லி, கருவியைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிணநீரை மேலே தள்ளுவதற்கு இதயம் போலத் தனி பம்பு இல்லை. தசை அசைந்தால்தான் நன்றாக ஏறும். இவள் உடம்பு முழுவதையும் பூட்டு போட்டு வைத்திருந்தாள். அதைக் கவனிக்காமல் நான் டாக்டரின் கோணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

போய்விட்டு வந்தாள். வேறு ஆள் மாதிரி வந்தாள். வழியில் இரண்டு பேரோடு பேசிவிட்டு வந்திருந்தாள். படுத்ததும் நான், "விரலையும் மணிக்கட்டையும் அசைச்சுக்கிட்டே இருக்கணும்" என்றேன். சிங்கப்பூரில் இதற்காக ரப்பர் பந்து தருவோம். அதை எடுத்துவர மறந்திருந்தேன்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டு, கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியை வலது கையால் பிடித்தாள். விரல்கள் முழுசாக மடியவில்லை. மடிந்த வரைக்கும் பிடித்து, ஆட்டோவின் ஆக்ஸிலேட்டரை முறுக்குவது போல முறுக்கினாள், விட்டாள், முறுக்கினாள். ஏழு வருடம் செய்த வேலை, ஒரே தாளத்தில் வந்தது.

"கொஞ்சம் நிறுத்தும்மா" என்று டாக்டர் கருவியை வைத்தார். வைத்ததே தெரியாத அளவுக்கு வைத்தார்.

முதலில் ஒரு புள்ளி. அதற்கு மேலே இன்னொன்று. பிறகு அவை சேர்ந்து ஒரு கோடாக ஏறின. பொன் நிறத்தில், நூல் பருமனில், தோலுக்கு நல்ல ஆழத்தில், மணிக்கட்டுக்கு மேலே தொடங்கி முழங்கையை நோக்கிப் போனது. வீங்கிய தோல் திரையில் காட்டிய வெள்ளை மூட்டத்துக்கு அடியில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் ஒரு சாண் தூரம் அதை விடாமல் தொடர்ந்தார். ஒரு தடவைகூட அழுத்தவில்லை, ஒரு இடத்தில்கூட அது மறையவில்லை. நான் சொல்ல வேண்டியது எதுவும் இருக்கவில்லை. ஊதா நிறப் பேனாவால் தோலில் மூன்று இடத்தில் குறி போட்டார்.

"அந்த மஞ்சக் கோடா?" என்று பாண்டிச்செல்வி தலையைத் தூக்கினாள்.

"அதுதான்."

"அது ஏங்கையா?"

"உன் கைதான்."

அவள் கண்ணை இடுக்கித் திரையைப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்துக்கொண்டு, "மதுரையில அப்பமே ஆழமாப் பாத்துருக்கலாம்ல" என்றாள்.

ஆறாம் நாள் மதுரையில் ஆபரேஷன், டாக்டர் முன்கூட்டியே நாள் கேட்டு வைத்திருந்தார். கை மட்டும் மரத்துப்போக ஊசி, முழு மயக்கம் இல்லை. டாக்டர் சையதையும் என்னையும் உள்ளே நிற்க விட்டார்கள். முந்தைய நாள் முழுக்க டாக்டர் வீட்டில் பிரியாணி தின்றேன், அவர் மனைவி காட்டிய சேலைகளைப் பார்த்தேன், ஆனால் மனம் அந்த மூன்று குறியிலேயே கிடந்தது. திரையில் பார்த்தது ஒன்று, தோலைத் திறந்தால் இருப்பது வேறாகப் போய்விடுவதும் உண்டு. அப்படிப் போனால் பாண்டிச்செல்விக்கு மூன்றாவது சோதனை கிடையாது, அவளே வர மாட்டாள். ஆட்டோவைக் கோழிக்கே எழுதி வைத்துவிடலாம்.

அறுவை மருத்துவர் முதல் குறியில் இரண்டு விரல்கடை அளவுக்குத் திறந்தார். மைக்ரோஸ்கோப்பை இறக்கினார். கொழுப்பை விலக்கிக்கொண்டே போனார். டாக்டர் சையதின் உதடுகள் முகக்கவசத்துக்குள் அசைவது தெரிந்தது. ரொம்ப நேரம் ஆனது போல இருந்தது, கடிகாரத்தில் பத்து நிமிடம் கூட ஆகவில்லை.

"குறி போட்டது யாரு?" என்று அறுவை மருத்துவர் கேட்டார், தலையைத் தூக்காமலே.

"ஏன் சார்?" என்றார் டாக்டர்.

"குறிக்கு நேர் கீழ கிடக்கு. அரை மில்லி மீட்டர் அங்கிட்டு இங்கிட்டு இல்ல."

அறுவை மருத்துவர் இப்போது என்னைப் பார்த்தார். சிங்கப்பூரிலிருந்து வந்தவள் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். இருபத்தாறு வருடத்தில் இந்தக் கேள்விக்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன், அதுவும் கேட்பதற்கு முன்பாகவே.

"அருப்புக்கோட்டை டாக்டர்" என்றேன். "அவர் கைதான். நான் தொடவே இல்லை." என் வேலையைப் பற்றி நான் இவ்வளவு பெருமைப்பட்டதே இல்லை.

"இல்ல சார், மேடம்தான் எல்லாம் சொல்லிக் கொடுத்து…" என்று டாக்டர் தொடங்கினார்.

பச்சைத் துணிக்கு அந்தப் பக்கமிருந்து பாண்டிச்செல்வியின் குரல் வந்தது.

"யாரு போட்டா என்ன? அதுல தண்ணி ஓடுதா, இல்லையா? அதச் சொல்லுங்க மொதல்ல."

அறுவை மருத்துவர் மறுபடி மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

"ஓடுதும்மா" என்றார்.

அவள் இடது கை துணிக்கு வெளியே வந்து காற்றில் துழாவியது. நான் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை என் விரல்களை நெரித்தது. நான் விடச் சொல்லவில்லை.